பதினோரு வெள்ளைப் பனியன்கள்

“மூணு மெஷின் பார்த்து வெச்சிருக்கேன் அம்மிணி. எதை வாங்கறதுன்னு நீதான் சொல்லோணும்.”

குழந்தைசாமி மூன்று விளம்பரத் தாள்களை விரித்து வைத்தார். வயது ஐம்பத்தாறு. திருப்பூரில், கேட்ட பெயரையும் கேட்ட படத்தையும் பனியனில் அச்சடித்துத் தருகிறவர். பழைய மெஷின் படுத்துவிட்டது.

மல்லீஸ்வரி அவரைவிட இருபது வயது சின்னவள். வீடுகளில் கழித்துப் போடும் பனியன்களை வாங்கி, பட்டறைகளுக்குத் துடைக்கிற துணியாகக் கிழித்து விற்கிறாள். மெஷின் வாங்குகிறவர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். மெஷின் விற்கிறவன் பனியனைப் புதிதாகத்தான் பார்த்திருப்பான். அவள் கடைசியாகப் பார்க்கிறவள்.

அவள் தாள்களைத் தொடவில்லை. தன் கிடங்கின் மூலையில் தனியாகக் கிடந்த மூட்டையை இழுத்து வந்து அவர் முன்னால் கொட்டினாள்.

“பிரிங்கண்ணா. அச்சு நிக்கறது இந்தப் பக்கம். போனது அந்தப் பக்கம்.”

அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கல்லூரி விழா. கம்பெனி ஆண்டு விழா. யாரோ நாலு பேர் கோவா போய் வந்த பெருமை.

“இவன் மையில தண்ணி கலக்கறவன்,” என்றார். “இதப் பாரு, எழுத்தே கோணல். இதையும் காசு குடுத்து வாங்கியிருக்காங்க.”

அடுத்தவன் குறையைப் பிரிக்கிற வேலை யாருக்குத்தான் கசக்கும்? கை வேகமாக ஓடியது.

“ஆள் படம் போட்டது ஒண்ணுகூட இல்லியே அம்மிணி?”

“முகம் தெரியற வரைக்கும் யாரும் இங்க போடமாட்டாங்கண்ணா. அதுல ஆயில் துடைக்க மனசு வருமா?”

அவர் தலையாட்டினார். அடுத்த பனியனை எடுத்தார்.

வெள்ளைப் பனியன். கழுத்தில் அவர் கடை லேபிள்.

நெஞ்சில் ஒன்றுமில்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும், முட்டை வடிவத்தில் ஒரு பூக்கோலச் சட்டத்தின் தடம்.

அந்தச் சட்டத்தை அவர் ஒரே ஒருவருக்குத்தான் வரைந்தார். இறந்துபோன மகனின் முதல் வருஷத் திதிக்கு, அவன் படம் போட்டுப் பன்னிரண்டு பனியன் கேட்டு வந்த ஒரு தகப்பனுக்கு.

குழந்தைசாமி ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். பனியனைச் சுருட்டித் தொடைக்கடியில் தள்ளினார்.

அடுத்ததும் வெள்ளை. அதுவும் தொடைக்கடியில் போயிற்று.

மூன்றாவது. நான்காவது. எத்தனையைத்தான் ஒளிப்பது? பாதி மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறவர்போல அவர் உயர்ந்துகொண்டே போனார். வெட்கத்தில் நிமிர முடியவில்லை.

மல்லீஸ்வரி கிழித்துக்கொண்டே இருந்தாள்.

“எந்த மெஷின்ல அடிச்சதுங்கண்ணா?”

“மெஷின் நல்ல மெஷின்தான்” என்றார்.

“அப்புறம்?”

“அடிச்சதுக்கு அப்புறம் சூட்டுல வெக்கோணும். மூணு நிமிஷம். அன்னிக்கு ஏகப்பட்ட ஆர்டர். ஒரு நிமிஷத்துல எடுத்துட்டேன்.”

“பனியன் வாங்கினவருக்குத் தெரியுமா?”

“அவரு போட்டோவைத் தடவித் தடவிக் குடுத்தாரு. ‘துவைச்சாப் போயிருமுங்களா’ன்னு ரெண்டு வாட்டி கேட்டாரு.”

“என்ன சொன்னீங்க?”

அவர் விளம்பரத் தாள்களை மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

“உங்க காலத்துக்கும் போகாதுன்னேன்.”

அவள் அடுத்த துணியை எடுத்துக் கிழித்தாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் மெல்ல எழுந்து, ஒளித்ததையெல்லாம் எடுத்து வெளியே வைத்தார். குவியலில் மிச்சமிருந்த வெள்ளைப் பனியன்களையும் பொறுக்கிச் சேர்த்தார். எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார்.

“பதினொண்ணுதான் இருக்குது. பன்னண்டு அடிச்சேன்.”

“இன்னொண்ணு அவரு மேல இருக்குதுங்கண்ணா. நேத்து அதைப் போட்டுக்கிட்டுத்தான் இந்த மூட்டையைக் கொண்டாந்தாரு.”

“அச்சு நிக்குதா?” என்றார் குழந்தைசாமி. குரலில் ஆசை இருந்தது.

“வெறும் வெள்ளைங்கண்ணா. அதையும் சேத்துப் போட்டிருங்களேன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“நெஞ்சுல கையை வெச்சு மூடிக்கிட்டாரு. ‘இதுல எம்பையன் இருக்கானுங்க’ன்னாரு.”