குழாயில் முதலில் காற்று வருவது ஏன்?

தண்ணீரும் காற்றும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், கடலோரத்தில் ஒரு பட்டணம் இருந்தது. கிணறுகளுக்கு அங்கே குறைவில்லை. பாதிக் கிணறு உப்பு, மீதிக் கிணறு சாக்கடை, அவ்வளவுதான். குடித்தவர்களுக்கெல்லாம் வாந்தியும் பேதியும். அதனால் தொலைவில் இருந்த ஏரியிலிருந்து தெருமுனைவரை இரும்புக் குழாய் பதித்தார்கள். மேளதாளத்தோடு திறந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

"நாளைக்கும் வரலேன்னா தோண்டி எடுத்துடச் சொல்லிட்டாங்க" என்று குழாயை மூடிவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார் மேஸ்திரி சவரிமுத்து.

அதே தெருவில் குருவம்மாளின் மகள் பேதியில் துவண்டு கிடந்தாள். நல்ல தண்ணீர் கொடுத்தால் பிழைப்பாள் என்றார் வைத்தியர். குருவம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கே போனாள்.

"தாயே, எங்க ஊருக்கு ஏன் வரமாட்டேங்கிற?"

ஏரித் தண்ணீர் கரையோரம் ஒண்டிக்கொண்டது. "பொறந்ததுலேருந்து வானத்தைப் பார்த்துத்தான் நடந்திருக்கேன் மகளே. அந்தக் குழாய்க்குள்ள ஒரே இருட்டு. அந்தப் பக்கம் வாசல் இருக்கோ இல்லையோ, யார் கண்டா?"

"ஒரு குடம் கொண்டுபோனா என் பிள்ளைக்கு ஆகும். தெருவுல கிடக்கிற மத்த பிள்ளைங்களுக்கு?" என்று அழுதாள் குருவம்மாள்.

கோரைப்புல்லோடு விளையாடிக்கொண்டிருந்த காற்று இதைக் கேட்டது. காற்றுக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. விளக்கை அணைக்கும், காயப்போட்ட துணியைச் சேற்றில் தள்ளும். திட்டு வாங்காத நாளே இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அக்கா, நான் முன்னால போறேன். சீட்டியடிச்சுக்கிட்டே போவேன், சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டு வா."

"வாசல் இல்லேன்னா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து மாட்டிக்குவோம். தனியா இருக்க மாட்டியே."

"வாசலை நான் திறந்து வைக்கிறேன்!" என்றாள் குருவம்மாள். நிறைகுடத்தோடு ஓட முடியாது. மகளுக்கென்று ஒரு வாய்கூட மொள்ளாமல், வெறுங்குடத்தோடு ஓடினாள்.

வந்ததும் குழாயைத் திறந்தாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு, "ஸ்ஸ்ஸ்... புஸ்ஸ்!"

"கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையால்ல இருக்கு!" என்று கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. மேஸ்திரிக்கு மானம் போயிற்று. குழாயை மூட எழுந்தார். குருவம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்க ஐயா! தண்ணிக்கு வழிகாட்டிக்கிட்டு காத்து வருது. வாசலை அடைச்சா ரெண்டும் திரும்பிப் போயிடும். என் பிள்ளை உசுரு இதுலதான் இருக்கு!"

மேஸ்திரி கையை எடுத்துக்கொண்டார். குழாய் இருமியது, துருவைக் கக்கியது. உடம்பெல்லாம் சிராய்ப்போடு காற்று வெளியே வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே, பயந்து பயந்து, தண்ணீர் வந்தது.

குடங்கள் முட்டி மோதின. குருவம்மாள் எல்லாரையும் விலக்கி, முதல் தண்ணீரைக் காற்று கிடந்த இடத்தில் தரையில் விட்டாள். "உன்னை எத்தனை திட்டியிருப்பேன். நீ நல்லா இருக்கணும்" என்றாள். கொதித்த மண் குளிர்ந்தது. காற்று அதில் புரண்டு காயம் ஆறியது. அதற்குப் பிறகுதான் அவள் தன் குடத்தை வைத்தாள்.

சாயங்காலம் மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். தெருவே பிழைத்தது.

அன்று தொடங்கியதுதான், எந்தத் தெருக்குழாயைத் திறந்தாலும் தண்ணீருக்கு முன்னால் காற்று வருவதும், முதல் தண்ணீரை நாம் கீழே விடுவதும். துருப் போகட்டும் என்றுதான் விடுகிறோம் என்பார்கள் சிலர். சொல்லிவிட்டுப் போகட்டும், அது காற்றுக்கு நாம் கொடுக்கும் பங்கு.