இடது மரை

மில் முதலாளி அங்கண்ணனின் கார் ஷெட்டில் இரும்பு கடையும் லேத் போட்டுப் பழைய எஞ்சின்களை ஓட வைக்கிறவள் தெய்வானை. அவருடைய தாத்தா காலத்து ஆயில் எஞ்சினுக்கும் உடைந்த ஷாஃப்டையும் அதன் நட்டையும் அவள்தான் புதிதாகக் கடைந்து மாட்டினாள். பழைய எஞ்சின்களுக்குப் பரிசு தரும் கண்காட்சிக்கு முதல் நாள் முதலாளி வந்தார்.

"எல்லாம் நானே கடைஞ்சதுன்னு சொல்லப் போறேன். நீயும் ஊர் முன்னால ஆமான்னு சொல்லோணும். இல்லீன்னா ஷெட்டைக் காலி பண்ணு."

"சொல்லிப்போடறேனுங்க," என்றாள் தெய்வானை. லேத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவள்.

மறுநாள் கண்காட்சியில் எஞ்சின் டுப்டுப்பென்று ஓடியது. "உடைஞ்சதெல்லாம் நானே கடைஞ்சு மாட்டினது," என்று முதலாளி மீசையை நீவினார்.

"ஆமாங்க, முதலாளி கையால கடைஞ்சதுதான்," என்றாள் அவள் உரக்க. "எஞ்சினை நிறுத்தி அந்த நட்டை அவரே கழட்டினாருன்னா, உள்ளே வெட்டுன மரை எத்தனை சுத்தம்னு எல்லாரும் பார்க்கலாமுங்க."

நடுவரும் தலையாட்டினார். முதலாளி எஞ்சினை நிறுத்தி ஸ்பானரைப் போட்டுத் திருப்பினார். நட்டு இறுகியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பானரில் தொங்கினார். இன்னும் இறுகியது.

அந்த எஞ்சின் சுழலும் திசைக்குச் சாதா மரை போட்ட நட்டு தானாகக் கழன்றுவிடும். அதனால் அவள் போட்டிருந்தது இடது மரை. வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

தெய்வானை ஸ்பானரை வாங்கி நட்டில் மாட்டி எதிர்ப்பக்கமாகச் சுத்தியலால் ஒரு போடு போட்டாள். இளகிய நட்டை விரலாலேயே சுழற்றி எடுத்து நடுவர் கையில் வைத்தாள். கூட்டம் சிரித்தது.

"அப்ப இதை யாரம்மா கடைஞ்சது?" என்றார் நடுவர்.

"முதலாளிதானுங்க. நான் சொன்ன சொல்லு மாற மாட்டேன். எந்தப் பக்கம் கழலும்னு மட்டும் என்னைக் கேக்க மறந்துட்டாருங்க."