சாயாத வண்டி

உக்கடத்தில் கார்களுக்கு ஸ்பிரிங் மாற்றுவதில் நிலோபரை மிஞ்ச ஆள் கிடையாது. வயது முப்பத்திரண்டுதான். பட்டறையில் எல்லோருக்கும் அவள் உஸ்தாத். அவளிடம் தொழில் கற்க வந்த மாரப்பனுக்கு ஐம்பத்தொன்பது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிடிவாதத்துக்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

தன் பழைய காரை வேகத்துக்காகவே பார்த்துப் பார்த்துத் தயார் செய்திருந்தார் மனுசன். போன வாரம் கோத்தகிரி போனபோது பின்னால் வந்த மச்சினன், "என்ன மாமா, வளைவுல டவுன் பஸ்ஸாட்டம் சாயறீங்க" என்று சொந்தபந்தம் நடுவே சிரித்துவிட்டான். அது பொறுக்குமா? வரும் ஞாயிறு மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதே மலையில் ஏறிக் காட்டுவதாகச் சவால் விட்டிருந்தார்.

அலமாரியில் இருந்ததிலேயே கெட்டியான ஸ்பிரிங்கை எடுத்து வந்தார்.

"இது பந்தய மைதானத்துக்குண்ணே. நம்ம ரோட்டுக்கு ஆகாது" என்றாள் நிலோபர்.

"எனக்கு இதுதானுங்க வேணும். வண்டி இம்மி சாயக் கூடாது."

"பக்கத்துல அக்கா உக்காருவாங்க."

"உக்காரட்டும். நீங்க வேண்டாம்னா வேற பட்டறைக்குப் போறேனுங்க."

"போங்க. யாரு தடுத்தா?"

அவர் போகவில்லை. ஸ்பிரிங்கைக் கீழே வைக்கவும் இல்லை.

"சரி, நீங்களே மாட்டுங்க. மாட்டிட்டு என் கார் பின்னால வாங்க" என்றாள்.

ஊருக்கு வெளியே ஒட்டுப் போட்டே பாழான ஒரு வளைவு. வேறு வண்டி எதுவும் வரவில்லை. நிலோபர் ஒரு வாளி சுண்ணாம்புத் தண்ணீரை ரோட்டின் குறுக்கே ஊற்றினாள். முதலில் அதன் மேல் தன் வண்டியை ஓட்டினாள். வளைவில் அது நன்றாகவே சாய்ந்தது. மாரப்பன் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

மறுபடி ஒரு வாளி ஊற்றினாள். அவர் அதே வேகத்தில் வந்தார். வண்டி நட்ட கல்லாக நிமிர்ந்தே போனது.

"சாய்ஞ்சுதுங்களா?" இறங்கும்போதே கேட்டார்.

நிலோபர் ரோட்டைக் காட்டினாள். அவள் டயரின் தடம் ஒரே வெள்ளைக் கோடாக வளைவைச் சுற்றிப் போயிருந்தது. அவருடையது ஒவ்வொரு ஒட்டிலும் அறுந்து அறுந்து கிடந்தது. ஓர் இடைவெளியில் மாரப்பன் காலை வைத்துப் பார்த்தார். செருப்பில் துளி சுண்ணாம்பு படவில்லை. அறுந்த ஒவ்வொரு இடத்துக்கு அப்பாலும் கோடு ரோட்டோரத்தை நோக்கி நகர்ந்திருந்தது. மலையில் அந்த ஓரத்தில் என்ன இருக்கும் என்று பஸ் ஓட்டியவருக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

"இருந்தாலும் உஸ்தாத், என் வண்டி சாயலை பாருங்க."

"சாயலைண்ணே. ரோட்டுல இருந்தாத்தானே சாயும்" என்றாள் நிலோபர்.