சிவப்பில் ஒரு வரி

முப்பது வருடம் பத்திரிகைகளுக்குப் பக்கம் வடிவமைத்தவர் ஞானப்பிரகாசம். ஐம்பத்து மூன்றாவது வயதில், கோயம்புத்தூரில் மருத்துவக் கையேடுகள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் சீடராகச் சேர்ந்தார். குருவின் பெயர் நாச்சம்மை. வயது முப்பத்தொன்று.

கற்க வேண்டியது எக்ஸ்எம்எல் என்ற வகைக் கணினிக் கோப்பு. நாச்சம்மை முதல் நாளே சொல்லிவிட்டாள்: "சார், ஒவ்வொரு வரிக்கும் அது என்னன்னு பேர் வைங்க. தலைப்பா, பத்தியா, எச்சரிக்கையா. பேரெல்லாம் திரையில இடது பக்கம் இருக்கு. எப்படித் தெரியணும்கிறதை விட்டுடுங்க."

அதை விட்டுவிட்டால் தனக்கு மிச்சம் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சம். மென்பொருளோ அச்சுக்குப் போகிற தாள் மாதிரியே திரையில் லட்சணமாக இருந்தது. மேலே வண்ணமும் எழுத்தளவும் கைக்கு எட்டின. இடது பக்கம் அவர் எட்டியும் பார்க்கவில்லை.

முதல் கையேடு இன்சுலின் ஊசி பற்றியது. 'ஊசி போட்டபின் சாப்பிடாமல் இருக்காதீர்கள்' என்ற வரியைக் கொட்டை எழுத்தில் சிவப்பாக்கிக் காட்டினார்.

நாச்சம்மை பார்த்தாள். "எச்சரிக்கை எங்கே சார்?"

அவர் எழுத்தை இன்னும் பெரிதாக்கினார்.

"எச்சரிக்கை எங்கே?"

சுற்றிலும் கட்டம் போட்டார். அதற்கும் அதே கேள்வி.

அவருக்கு மண்டை காய்ந்தது. மாலைக்குள் கையேடு போகாவிட்டால் நாளை முதல் வேலை இல்லை. இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்? பயமும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இவ்வளவு பெரிசா இருக்கு. உங்களுக்குக் கண் தெரியலையா?"

"தெரியலைன்னே வச்சுக்கங்க." நாச்சம்மை கண்ணை மூடிக்கொண்டாள். "சர்க்கரையில பார்வை போனவங்களுக்கும் இதே கையேடுதான் போகுது. வாசிக்கிற பட்டனை அழுத்துங்க."

அழுத்தினார். கணினி வாசித்தது. அதே கையேட்டில் நாச்சம்மை ஏற்கெனவே 'எச்சரிக்கை' என்று பெயர் வைத்திருந்த வரிகள் வந்தபோதெல்லாம் ஒரு மணி அடித்தது. குரல் நின்று இரண்டு முறை சொன்னது. பிறகு அவருடைய வரி வந்தது. மூடியைத் துடைத்து வைப்பதற்கும் பஞ்சைக் குப்பையில் போடுவதற்கும் நடுவே, அதே குரலில், அதே வேகத்தில் போய்விட்டது.

ஞானப்பிரகாசம் குழம்பிப்போய்த் திரையைப் பார்த்தார்.

"சிவப்பாத்தானேம்மா இருக்கு," என்றார். குரல் இறங்கியிருந்தது.

நாச்சம்மை கண்ணைத் திறக்கவில்லை.

"எச்சரிக்கை எங்கே சார்?"