ஓலை மறைப்பு

கடல் நடுவே ஒரு மணல் திட்டு. வடக்கே போகிற உள்ளான் பறவைகள் பங்குனியில் அங்கே கூடி, வயிறு நிறைய மேய்ந்துவிட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடும்.

அவற்றைப் பார்க்க உலகம்மை ஓர் ஓலை மறைப்பு கட்டியிருந்தாள். கரையில் அவளை ஞானி என்பார்கள். வயது நாற்பதுகூட இல்லை. அவளுடைய ஒரே சீடர் இன்னாசிக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மறைப்புக்குள் ஆள் இருந்தால் உள்ளான் கிட்டே வராது. அதனால் இருவரும் சேர்ந்தே உள்ளே போவார்கள். சற்று நேரத்தில் அவள் மட்டும் வெளியே வந்து படகுக்கு நடப்பாள். பறவைகளுக்கு எண்ணத் தெரியாது. ஆள் போயாயிற்று என்று நம்பி, இன்னாசியின் கைக்கெட்டும் தூரத்தில் வந்து மேயும்.

அன்றும் இன்னாசி வழக்கம்போல இரண்டு சோற்றுப் பொட்டலத்தோடு படகிலிருந்து இறங்கினார்.

“ஒண்ணு எனக்கா, அண்ணாச்சி?”

“உங்களுக்கில்ல.”

“தெரியும். மீன் வாசனை ஆளைத் தூக்குச்சு, கேட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இந்தத் திட்டின் ஓரத்தில்தான் அவர் மனைவி பிரகாசி பாசி எடுக்க முங்கினாள். எழவில்லை. உடலும் ஒதுங்கவில்லை.

“ஆத்துமப் பூசை வைக்கணும்னு பிள்ளைக ஒத்தைக்கால்ல நிக்குதுக. வச்சா, அவ செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி. அவ இருக்காளா, போயிட்டாளா? நீங்களாவது சொல்லுங்கம்மா.”

“இன்னைக்கு நான் உள்ளே வரல. நீங்க மட்டும் போங்க.”

“யாரும் வெளியே வராம பறவை எப்படிக் கிட்டே வரும்?”

“போங்களேன்.”

போனார். எப்போதும்போல ஓரமாக ஒடுங்கி, பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

ஓலை இடுக்கில் பார்த்தால் திட்டு முழுக்க உள்ளான்கள். ஒன்றுகூட மேயவில்லை. அத்தனையும் மறைப்பையே பார்த்துக்கொண்டு நின்றன.

வெயில் ஏறியது. அவை அசையவில்லை.

“பாரு,” என்றார் பக்கத்து இடத்தைப் பார்த்து. “நம்மால அதுக பட்டினி. எவ்வளவு தூரம் போகணும்.”

வெகுநேரம் கழித்து மறுபடி பேசினார்.

“சின்னவளுக்குப் பேறுகாலம் நல்லபடியா முடிஞ்சுது. பொம்பளப்பிள்ள. உன் மூக்கு. நான் பாத்துக்கிடுதேன். நீ போறதுன்னா போ, பிரகாசி.”

காற்றே இல்லை. வாசல் ஓலை மட்டும் விலகி, மறுபடி மூடியது.

வெளியே அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பின. யாரோ நடந்து போவதைப் பார்ப்பதுபோல, மெல்ல மெல்ல, மறைப்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் திரும்பின. அங்கேயே நிலைத்தன.

பிறகு ஓடி வந்தன. அவர் கால்மாட்டில் ஆவலாக மேய்ந்தன. வெயில் தாழ்ந்ததும் ஒரே எழும்பலாக எழும்பி வடக்கே போய்விட்டன.

இன்னாசி அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். உலகம்மை படகோரம் உட்கார்ந்திருந்தாள்.

“நான் தனியாத்தானேம்மா போனேன்? எப்படிக் கிட்டே வந்துச்சு?”

“எப்பவும்போலத்தான் அண்ணாச்சி. ரெண்டு பேர் உள்ளே போனதைப் பாத்துச்சு, ஒருத்தர் வெளியே வந்ததைப் பாத்துச்சு. அந்த ரெண்டாவது பொட்டலத்தை இங்கே கொடுங்க, பசிக்குது.”