பாதியாகக் குறைந்த மின்சாரம்

குடியிருப்புச் சங்கத் தலைவர் கங்காதரன், மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேச எல்லோரையும் தம் வீட்டுக் கூடத்துக்கு அழைத்திருந்தார். வந்தவர்கள் ஏசிக் குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

அவர் கைபேசியில், வீட்டுக் கருவிகளைத் தொட்டு நிறுத்தவும் வசதியுள்ள புதிய செயலியைத் திறந்தார். எந்த வீடு எவ்வளவு மின்சாரம் செலவழிக்கிறது என்று காட்டும் பட்டியலில், சிக்கனத்தில் அவர் வீடே கடைசியில் நின்றது.

"எல்லாம் எங்க சமையக்காரியாலதான்! எந்நேரமும் கிரைண்டர் ஓடுது" என்று சீறியவர், செங்கமலத்தைக் கூப்பிட்டுக் கைபேசியை நீட்டினார். "இவங்க கண்ணு முன்னாலயே பாதியா குறைச்சுக் காட்டு. முடியலேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

செங்கமலம் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "எது அதிகமா இழுக்குதோ, அதை நிறுத்திடட்டுமா சார்?"

"இதுல கேள்வி வேறயா? நிறுத்து!"

அவள் திரையை ஒரே ஒருமுறை தொட்டாள். மின்செலவைக் காட்டும் எண் மளமளவென்று இறங்கிப் பாதிக்கும் கீழே போய் நின்றது.

"பாத்தீங்களா, நான் சொன்னேனே!" என்று தலைவர் மார்தட்டினார்.

பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் சால்வையைக் கழற்றி மடித்தார். "அப்பாடா, ஏசி நின்னுது. இப்பதான் உயிரே வந்துச்சு."

தலைவரின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"அப்போ நாளைக்கு வந்துடறேன் சார்" என்றாள் செங்கமலம். "கிரைண்டர் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. மாவை வழிக்கணும்."