செம்பட்டையன் கொண்டுவந்த அத்திப்பழங்கள்

ஆற்றங்கரை மருதமரத்தில் செம்பட்டையன் என்ற குரங்கும் அதன் மனைவி மிளகியும் இருந்தன. அந்தக் காட்டில் செம்பட்டையனைப் போல் தாவ ஆளில்லை. அதனால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவற்றுக்கு ஒரு குட்டி பிறந்தது.

"இந்தாங்க, பிள்ளையைக் கொஞ்ச நேரம் நெஞ்சோட அணைச்சுக்கோங்க! உங்க சூடும் வாசனையும் அதுக்குப் பழகட்டும்" என்றது மிளகி.

"அது உன் வேலை! நான் அக்கரைக்குப் போய்ப் பிள்ளைக்கு அத்திப்பழம் கொண்டு வர்றேன்!" என்றது செம்பட்டையன்.

கீழ்க்கிளை அணிலுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பல்லே முளைக்காத பிள்ளைக்கு அத்திப்பழமா, அண்ணே?"

"அப்பன்னா நாலு இடம் போய் அலையணும். உனக்கென்ன தெரியும்!" என்று முறைத்துவிட்டுத் தாவியது செம்பட்டையன்.

தினமும் இதே கதைதான். மிளகி கேட்கும், செம்பட்டையன் நழுவும். பழங்கள் கிளை இடுக்கில் குவிந்து அழுகின. கடைசியில் மிளகி கேட்பதையே விட்டுவிட்டது.

ஒருநாள் பெருமழை பெய்தது. வெள்ளம் மருதமரத்தின் வேரை அரித்தது. முறிந்த கிளை ஒன்று மிளகியின் தோளில் விழுந்தது. மரம் சாயத் தொடங்கியது. மற்ற குரங்குகள் எல்லாம் மேட்டுப் புளியமரத்துக்குத் தாவிவிட்டன.

"என்னால முடியலை. பிள்ளையை நீங்க கொண்டு போங்க!" என்று கதறியது மிளகி.

செம்பட்டையன் குட்டியை வாங்கி நெஞ்சில் வைத்தது. தாவ இரண்டு கையும் வேண்டும். குட்டிதான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பிடிச்சுக்கோடா கண்ணு! நான் உன் அப்பாடா!"

குட்டிக்கு அந்த நெஞ்சு யாருடையதோ! வீறிட்டது, திமிறியது. இரண்டு முறை வெள்ளத்தில் விழப் பார்த்தது.

மிளகி அதைப் பிடுங்கித் தன் வயிற்றோடு சேர்த்தது. குட்டி உடனே உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டது. அடிபட்ட தோளோடு மிளகி தாவியது. புளியமரக் கிளை எப்படியோ கையில் சிக்கியது. பின்னாலேயே செம்பட்டையனும் தாவி வந்தது.

பிள்ளை பிழைத்தது. ஆனால் அடிபட்ட பக்கத்துக் கையை மிளகியால் அதற்குப் பிறகு மேலே தூக்க முடியவில்லை.

இப்போது குட்டிக்குப் பல் முளைத்துவிட்டது. "வாடா, அப்பாகிட்ட வா!" என்று செம்பட்டையன் தினமும் கை விரித்துக் காத்திருக்கிறது. குட்டி வரும். அத்திப்பழத்தை வாங்கிக்கொள்ளும். அம்மாவிடம் ஓடிவிடும்.

பிள்ளையைப் பிறந்த நாளிலேயே நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். அன்று கொடுக்காத சூட்டைப் பிறகு எத்தனை பழம் கொடுத்தும் ஈடுகட்ட முடியாது.